தவளை பொம்மை அல்ல

அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் அவரை மாமா என்றார்கள், பெற்றோர்கள் வேன்காரர் என்றார்கள், போக்குவரத்துக் காவலர்கள் ஏய் என்றார்கள். மூன்றுக்கும் ஒரே மாதிரி திரும்பிப் பார்க்கிற சாதுவான மனிதர். எந்த அலுவலகத்தின் மீதும் அவருக்கு மனக்குறை இருந்ததில்லை. எந்த அலுவலகத்துக்கும் அவர் போனதில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

அவருக்கு மூன்று வயது நிரம்பாத ஒரு மகள். சிட்டு என்று கூப்பிடுவார்கள். கடைவாய்ப் பல் முளைக்கிற பருவம். செருப்பு, ரிமோட், அப்பாவின் தோள் என்று அகப்பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டிருந்தாள். தோளைக் காப்பாற்றிக்கொள்ள அவர் ஒரு பச்சைத் தவளை வாங்கி வந்தார். பிசைந்த மாவு போல மெத்தென்று இருந்தது, அமுக்கினால் கீச்சென்றது, புது மழைக்கோட்டு மாதிரி வாசனை அடித்தது. கடையில் இரண்டு விதத் தவளைகள் இருந்தன. டப்பாவின் மேல் விளையாட்டுப் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரை இருந்த தவளையைத்தான் அவர் பொறுக்கி எடுத்தார். முத்திரையில் ஒரு குழந்தை சிரித்தது. கீழே 'கவலை வேண்டாம்' என்று எழுதியிருந்தது. அவரும் கவலைப்படவில்லை.

காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில்தான் வினை ஆரம்பித்தது. குழந்தை மருத்துவர் அம்மாள் காய்ச்சலை விட்டுவிட்டுச் சிட்டுவின் வாயிலிருந்த தவளையைப் பார்த்தார். அமுக்கினார், முகர்ந்தார், சிறுநீரில் ஒரு பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார். முடிவு வந்ததும் அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்துப் பேசினார். இந்த வகைப் பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது. அதை இப்படி மெத்தென்று ஆக்க எண்ணெய் மாதிரி ஒரு ரசாயனத்தைக் கலக்கிறார்கள். அது பிளாஸ்டிக்கோடு ஒட்டி நிற்பதில்லை. சப்பச் சப்ப எச்சிலோடு கலந்து உள்ளே போகிறது, உடம்பில் ஹார்மோன்கள் செய்கிற வேலையில் போய்க் குறுக்கிடுகிறது. சிட்டுவின் உடம்பில் அது எக்கச்சக்கமாக இருந்தது.

"இப்போ இவளுக்கு என்ன டாக்டர்?" என்று கேட்டாள் அம்மா.

"இப்போ ஒண்ணும் இல்ல. அதுதான் இதுல கஷ்டம். பின்னாடி வயசுக்கு வர்றப்ப, குழந்தை பெத்துக்கிறப்ப தொந்தரவு வரலாம்னு படிச்சிருக்கேன். வராமலும் போகலாம். என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. முதல்ல அதை வாயிலேருந்து எடுங்க."

சிட்டுவின் அம்மா ஒரு பேக்கரியில் கல்லாவில் இருப்பவள். வள வளவென்று பேசுகிற வழக்கம் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் தவளையின் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு குப்பைத் தொட்டிப் பக்கம் போனாள். வேன்காரர் மறித்தார். முத்திரை குத்தினவர்களிடம் இதைக் காட்ட வேண்டும், அவர்களுக்குத் தெரிந்தால் உடனே கடைகளிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றார். அதை நம்பித்தான் சொன்னார். தவளையை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி அலமாரி உச்சியில் வைத்தார். சிட்டு அலமாரியின் அடியில் உட்கார்ந்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் அலமாரியைக் கடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் வேன் ஓட்டும்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அன்றாடம் கேட்டுப் பழகிப்போன சத்தம்தான், ஆனால் அன்றுதான் காதில் விழுந்தது. கீச், கீச், கீச். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வேன் முழுக்கத் தவளைகள். சிலது கையில், பலது வாயில். அந்தப் பருவத்துக்கு அதுதான் பிள்ளைகளிடையே நாகரிகம். வேனில் குமட்டும் என்பதால் எப்போதும் முன்சீட்டில் உட்காருகிற சிறுமி, தவளையின் தலை முழுவதையும் வாய்க்குள் அடக்கிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு, வீட்டிலிருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக ஆணையத்துக்குப் போனார்.

வரவேற்பறை பளிச்சென்று இருந்தது. புகார் கொடுக்க வருகிறவர்களின் குழந்தைகள் அழாமல் இருப்பதற்காக ஒரு விளையாட்டு மூலை வைத்திருந்தார்கள். அங்கே ஒரு கூடை நிறையப் பச்சைத் தவளைகள். ஒரு பலகையில், பொம்மை உற்பத்தியாளர் சங்கத்தின் அன்பளிப்பு என்று எழுதியிருந்தது. கூடையின் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. வேன்காரர் பாய்ந்து போய் அதன் வாயிலிருந்து தவளையை எடுத்தார். குழந்தை வீறிட்டது. வரவேற்பு மேசைப் பெண் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஆணையத்தின் வளாகத்தில் குழந்தைகளை அழவைப்பது தவறு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

அவரை வரையறைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். எது பொம்மை, எது பொம்மை அல்ல என்று தீர்மானிப்பது அந்தப் பிரிவின் வேலை. அதிகாரி ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துத் தவளையின் அடிவயிற்றைப் பார்த்தார். பிறகு வேன்காரரையும் பார்க்கச் சொன்னார். தையல் கோடு மாதிரி தெரிந்தது உண்மையில் எழுத்து. 'அலங்காரப் பொருள். விளையாடுவதற்கு அல்ல.'

ஆகையால் இது பொம்மை அல்ல என்றார் அதிகாரி. ஆணையம் பொம்மைகளை மட்டுமே பார்க்கும். குழந்தை விளையாடுகிறதே என்றதற்கு, ஒரு பொருள் பொம்மையா இல்லையா என்பதைச் செய்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும், குழந்தை தீர்மானிக்க ஆரம்பித்தால் நாளைக்குத் துடைப்பமும் கரண்டியும் இந்த மேசைக்கு வந்து நிற்கும் என்று விளக்கினார். சிட்டு ஓர் அலங்காரப் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறாள். சிறு வயது என்பதால் அதை ஆணையம் பெரிதுபடுத்தாது.

"அப்போ டப்பா மேல உங்க முத்திரை இருக்கே சார்?"

"டப்பா மேல இருக்கா, தவளை மேல இருக்கா?"

"டப்பா மேலதான்."

"அது டப்பாவுக்குக் குடுத்தது. அந்த அட்டையை நல்லா சோதிச்சிருக்கோம். உங்க பொண்ணு டப்பாவைக் கடிச்சாளா?"

இல்லை என்றார் வேன்காரர். கடித்திருந்தால் கவலையே இல்லை என்றார் அதிகாரி.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். வேன்காரருக்கு விடத் தெரியவில்லை. மறுபடி போனார், அதற்கடுத்தும் போனார். பிள்ளைகளை இறக்கிவிட்டதற்கும் திரும்ப ஏற்றிக்கொள்வதற்கும் இடையே கிடைக்கிற நேரமெல்லாம் ஆணையத்தின் நாற்காலியில் கழிந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துச் சலித்துப்போய் ஒரு நாள் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

சோதனைக்கூட அதிகாரி நல்ல மனிதர். வந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். எவர்சில்வர் டப்பாவைத் திறந்து தவளையைப் பார்த்ததும் முகம் மாறியது. கடித்த தவளையைச் சோதிக்க முடியாது, அதிலிருந்து வர வேண்டியதெல்லாம் வந்திருக்கும் என்றார். எங்கே போயிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, வேன்காரரும் கேட்கவில்லை. கடைக்குப் போய்ப் புதிய தவளை ஒன்று வாங்கிக்கொண்டு ஓடி வந்தார்.

புதிய தவளையை அவர் கண்ணெதிரிலேயே சோதித்தார்கள். கூர்மையான முனை இருக்கிறதா என்று தடவினார்கள். கண் பிடுங்கிக்கொண்டு வருகிறதா என்று இழுத்தார்கள். ஒரு தீக்குச்சியைப் பக்கத்தில் காட்டினார்கள். தவளை மூன்றிலும் தேறியது. ரசாயனம் என்று இழுத்தார் வேன்காரர். அதற்கும் இயந்திரம் இருக்கிறது என்று அதிகாரி பெருமையோடு அடுத்த அறைக்குக் கூட்டிப்போனார். ஓர் ஆள் உயரத்துக்கு இயந்திரம் நின்றது. குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. தலைவர் வந்து திறந்துவைக்க வேண்டும், அவருக்குத் தேதி அமையவில்லை, அதுவரை தினமும் துடைத்து வைக்கிறோம் என்றார்.

"ரிப்பனைக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவை பாத்துட்டு, திரும்பக் கட்டிடலாமே சார்."

அதிகாரி கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "எனக்கும் ரெண்டு குழந்தைங்க இருக்கு. வீட்டுல அந்தத் தவளையை நான் சேக்கறதில்ல. ஆனா ரிப்பன்ல கை வைக்கச் சொல்லாதீங்க." அதோடு அவர் குரல் பழையபடி ஆனது. கூர்மை, இழுவை, தீ மூன்றிலும் தேறியதாக ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். இதுவரை தவளைக்கு அப்படி ஒரு சான்று இருந்ததில்லை. வேன்காரரின் முயற்சியால் கிடைத்தது. அடுத்த வாரத்திலிருந்து டப்பாவின் மேல் 'மும்முறை சோதிக்கப்பட்டது' என்று கூடுதலாக ஒரு வரி அச்சாகி வந்தது.

அதை அவர் கடை வாசலில் பார்த்தபோது வேனை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பின்னால் கீச், கீச் என்றது.

வீட்டில் சிட்டு தவளையை மறந்துபோயிருந்தாள். மறுபடி பரிசோதனை செய்ததில் அளவு மளமளவென்று இறங்கியிருந்தது. மருத்துவர் அம்மாள் சந்தோஷப்பட்டார். உள்ளே போனது என்ன செய்துவிட்டுப் போயிருக்கும் என்று வேன்காரர் கேட்டபோது மட்டும் குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். அன்று முதல் அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. சிட்டு தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்துத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றுமில்லை. அது தெரிந்தும் உட்கார்ந்திருப்பார்.

கடைசியில் ஆணையம் முழுமையாகக் கூடி அவரை விசாரித்தது. நீண்ட மேசையின் நடுவில் தலைவர். அவருடைய வலது பக்கத்தில் பொம்மை உற்பத்தியாளர் சங்கத்தின் செயலாளர். பொம்மையைப் பற்றித் தெரிந்தவர் ஒருவராவது ஆணையத்தில் இருக்க வேண்டும் என்று அவரைச் சேர்த்திருந்தார்கள். வேன்காரர் பரிசோதனை முடிவுகள் இரண்டையும் நீட்டினார். தலைவர் இரண்டாவதைப் படித்துவிட்டு மலர்ந்து போனார். குழந்தை குணமாகிவிட்டது, ஆகவே பாதிக்கப்பட்டவர் என்று யாரும் இல்லை, ஆகவே இது புகாரே அல்ல, நற்செய்தி என்றார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

வேன்காரர் எழுந்து நின்று, தன் மகள் மட்டும் அல்ல, வேனில் வருகிற பிள்ளைகள் எல்லோர் வாயிலும் அது இருக்கிறது என்றார். தலைவர் கையமர்த்தினார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். அந்தப் பிள்ளைங்க சிரிக்கிறாங்களா?"

"சிரிக்கிறாங்க சார்."

"ஓடியாடுறாங்களா?"

"ஆடுறாங்க. ஆனா பதினஞ்சு வருஷம் கழிச்சுக்கூடத் தெரியலாம்னு டாக்டர் சொல்றாங்க."

"அப்போ பதினஞ்சு வருஷம் கழிச்சு வாங்க. நாங்க எங்கயும் போயிட மாட்டோம். ஆணையம் நிரந்தரமானது."

பிறகு தலைவர் சற்று நேரம் உருக்கமாகப் பேசினார். உலகத்திலேயே கொடிய ரசாயனம் பயம்தான், அது பெற்றோரின் வாயிலிருந்து குழந்தையின் காதுக்குள் போகிறது, அதற்கு இதுவரை எந்த நாடும் வரம்பு விதிக்கவில்லை என்றார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. சங்கச் செயலாளர் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சங்கத்தின் பெருந்தன்மையை எடுத்துச் சொன்னார். வேன்காரர் குறிப்பிடுகிற ரசாயனத்தை அடுத்த தவளையிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள். அதற்குப் பதில் வேறொன்றைக் கலப்பார்கள்.

"அது நல்லதா சார்?"

"அதைப் பத்தி உலகத்துல யாருமே இன்னும் ஆராய்ச்சி பண்ணல. கெடுதல்னு ஒரு வரிகூட எங்கயும் கிடையாது. இதைவிடப் பாதுகாப்பு என்னங்க வேணும்?"

மேசை மறுபடி தட்டப்பட்டது. வேன்காரர் வெளியே வந்தபோது விளையாட்டு மூலையில் கூடை புதிதாக நிரப்பப்பட்டிருந்தது.

அதற்கு அடுத்த நாள்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். திட்டம் போட்டுச் செய்ததல்ல. முன்சீட்டுச் சிறுமி ஹாரனை ஒரு தடவை அடிக்கட்டுமா மாமா என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தவளையைக் கொடு, அடிக்க விடுகிறேன் என்றார். அவள் யோசிக்கவே இல்லை. பின்சீட்டிலிருந்து உடனே கூச்சல் எழுந்தது. எல்லோருக்கும் ஹாரன் வேண்டும். அன்று மாலை வேன் ஊரையே அலறவைத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிற்று. கடைசிப் பிள்ளை இறங்கும்போது சாக்கு நிறையத் தவளைகள் இருந்தன. கொடுத்தவர்கள் வருத்தப்படவில்லை. அது கெட்டது, இனிமேல் வாயில் வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

சாக்கைப் பார்த்த மனைவி அடுப்பைப் பற்றவைத்தாள். அவருக்குப் பிடித்த மாதிரி முட்டை பொரித்துத் தட்டில் வைத்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

பெற்றோர்கள் சிலர் வேன்காரரிடமே போனில் காரணம் கேட்டார்கள். சொன்னார். கேட்டுவிட்டு நன்றி என்றவர்களும் உண்டு, உங்கள் வேலை வேன் ஓட்டுவது என்றவர்களும் உண்டு. யாரோ ஒருவர் ஆணையத்துக்குப் புகார் எழுதினார். மாதக்கணக்கில் ஒரு தவளையைத் தொட முடியாத ஆணையம் அன்று மத்தியானமே அவருடைய வீட்டு வாசலில் வந்து நின்றது. வரையறைப் பிரிவு அதிகாரிதான் வந்தார், கூடவே இரண்டு பேர். குழந்தைகளிடமிருந்து பொம்மையைப் பறிப்பது விளையாடும் உரிமையில் தலையிடுவதாகும், கடும் குற்றம் என்று படித்துக் காட்டினார்.

"சார், தவளை பொம்மை இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கடிச்சா அலங்காரப் பொருள். பிடுங்கினா பொம்மை," என்றார் அதிகாரி. அதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

வழக்கு வேண்டாம், குடும்பஸ்தர் என்று ஆணையம் கருணை காட்டியது. இரண்டே நிபந்தனைகள். பறித்த தவளைகளை அவர் கையாலேயே பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தவளையைப் பற்றி நல்லதோ கெட்டதோ இனி வாய் திறக்கக் கூடாது. மீறினால் வேன் ஓட்டும் அனுமதி ரத்தாகும். மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேனுக்கு வாங்கிய கடன் பாக்கி இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். அவர் கையெழுத்துப் போட்டார்.

திருப்பிக் கொடுக்கும் விழா பள்ளிக்கூட வாசலில் நடந்தது. இயந்திரத்துக்குத் தேதி கிடைக்காத தலைவர் இதற்கு வந்துவிட்டார். புகைப்படக்காரர் வந்தார். சாக்கிலிருந்த தவளைகளைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் ஒரு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஒரு குழந்தையின் கையிலிருந்து பறிக்கப்பட்ட சிரிப்பை ஆணையம் மீட்டுத் தருகிறது என்று தலைவர் பேசினார். நாங்கள் ஆபத்தைப் பார்த்துச் செயல்படுகிறவர்கள் அல்ல, புகாரைப் பார்த்துச் செயல்படுகிறவர்கள் என்றும் பேசினார். கைதட்டினார்கள்.

பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். வேன்காரர் குனிந்து ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொன்றாக வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கினவர்கள் ரிப்பனை உருவி எறிந்துவிட்டு வழக்கம்போல வாயில் வைத்துக்கொண்டார்கள். கீச்சென்ற ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தோள்பட்டை துடித்தது. புகைப்படக்காரர் அவரைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். அவரும் முயன்று பார்த்தார்.

வரிசையின் கடைசியில் முன்சீட்டுச் சிறுமி வந்தாள். அவர் நீட்டிய தவளையை வாங்கினாள். வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"மாமா, இது இப்போ நல்லதாயிடுச்சா?"

வரையறைப் பிரிவு அதிகாரி ஒரு அடி முன்னால் வந்து நின்றார். தலைவருக்கு அந்தக் காட்சி பிடித்துப்போயிற்று போலிருக்கிறது, குழந்தை கேட்கிறது பாருங்கள், மாமா சொல்லுவார் என்று புகைப்படக்காரரையும் பக்கத்தில் கூப்பிட்டார். சிறுமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படவில்லை. அவர் என்ன சொன்னாலும் அப்படியே செய்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இல்லடா கண்ணு," என்றார். "ஆகல."

அவள் தவளையை அவர் உள்ளங்கையில் திருப்பி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் ஓடினாள். புகைப்படக்காரர் எதைப் படம் எடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

அனுமதி அன்று மாலையே ரத்தானது. விழா வெற்றி என்று ஆணையம் அறிவித்தது. திருப்பிக் கொடுத்தவற்றில் ஏறக்குறைய எல்லாத் தவளைகளும் உரியவர்களால் மகிழ்ச்சியோடு பயன்படுத்தப்படுவதாகவும், ஒரே ஒரு குழந்தைக்கு மட்டும் பயம் நீக்கும் ஆலோசனை தேவைப்படுவதாகவும் அந்த அறிவிப்பில் கண்டிருந்தது. கடன் கொடுத்தவர்கள் வேனை ஓட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள வேறொரு வேன் வந்தது.

மறு வாரம் ஒரு காலையில் அவர் பேக்கரி வாசலில் ரொட்டிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். மனைவி முதலாளியிடம் பேசி அந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தாள். சிக்னலில் அந்த வேன் வந்து நின்றது. கண்ணாடி மூடியிருந்ததால் சத்தம் கேட்கவில்லை. வாய்கள் மட்டும் தெரிந்தன. கூடையைத் தோளில் வைத்தபடியே அவர் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முன்சீட்டில் அந்தச் சிறுமி இருந்தாள். அவரைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து ஆட்டினாள். கையில் ஒன்றும் இல்லை. வாயிலும் ஒன்றும் இல்லை.

விளக்கு பச்சைக்கு மாறி வேன் போய்விட்டது. அவர் கூடையை உள்ளே கொண்டுவந்து வைத்தார். கல்லாவில் இருந்த மனைவி எல்லாவற்றையும் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்க வேண்டும்.

"எத்தனை?" என்றாள்.

"ஒண்ணுதான்," என்றார் அவர்.

அவள் சில்லறையைக் கல்லாவில் போட்டு மூடினாள்.

"நம்ம சிட்டுவையும் சேத்தா ரெண்டு," என்றாள்.